பதினோரு ஜாடிகளும் ஒரு ரப்பர் தாளும்

அத்தியாயம் 6

"செத்தவன் குற்றவாளியா இருந்தா நமக்கு ஒரு சௌகரியம், பாஸ். எங்கயும் ஓடிட மாட்டான்."

மால்டே இதைச் சொல்லிவிட்டு, யாராவது சிரிக்கிறார்களா என்று கண்ணாடியில் பார்த்தான். காரில் இருந்தது அவனும் தீரா லிண்டெலும் மட்டும்தான். தீரா சிரிக்கவில்லை. மடியில் துண்டால் சுற்றி வைத்திருந்த கண்ணாடி ஜாடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, சாலையோரம் ஓடிய பைன் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் துப்பறியும் தொழிலுக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. முதல் நாலு வருஷம் ஒவ்வொரு கேசுக்கும் தூக்கம் கெட்டது. அப்புறம் பழகிவிட்டது. இப்போதெல்லாம் யார் வந்து எதைச் சொன்னாலும், வெகுநேரம் மடக்கி வைத்த காலைப் போல மனசு அப்படியே கிடந்தது. மால்டேவுக்கு இது தெரியும். ஐம்பத்துநாலு வயசுக்காரன், இருபத்தாறு வருஷம் இந்தப் பக்கத்தில் பஸ் ஓட்டியவன், கடைசி ஒன்பது வருஷமாக அவளுக்கு உதவியாளன். அவள் சிரிக்க மாட்டாள் என்று தெரிந்தும் விடாமல் ஜோக் அடிப்பது அவனுடைய தனிப்பட்ட பிடிவாதம்.

கேஸ் இதுதான். ஸ்மோலாந்து மாகாணத்துக் காட்டுக்குள் ஹெல்மா என்றொரு கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது. 1934-ல் அங்கே 'வலை' என்ற பெயரில் இருபத்துநாலு ஜாடிகள் செய்தார்கள். கண்ணாடியின் மேல் மணலை ஊதிச் செதுக்கிய மீன்கள், மீன்களைச் சுற்றி மெல்லிய வலை, அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். சேகரிப்பவர்கள் அதற்கு அடித்துக்கொள்வார்கள். போன வருஷம் ஒரே ஏலத்தில் ஒன்பதாம் நம்பர் ஜாடிகள் இரண்டு வந்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்து முழித்தன. நோண்டிப் பார்த்ததில் பதினோரு போலிகள் அகப்பட்டன.

இந்த வருஷம் ஆகஸ்டில் சிக்ஸ்டன் ஏக் என்ற மணல் ஊதும் தொழிலாளி தானே போலீசுக்குப் போய், நான்தான் செய்தேன் என்று எழுதிக் கொடுத்தான். வழக்கு கோர்ட்டுக்கு வருவதற்குள், அக்டோபர் முதல் வாரம், வீட்டில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். செத்தவனை எந்தக் கோர்ட் விசாரிக்கும்? வழக்கை மூடிவிட்டார்கள்.

ஆனால் ஊர் மூடவில்லை. ஹெல்மா ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தங்களில் யார் செத்தாலும், கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து பேர் செதுக்கிய கண்ணாடி விளக்கு ஒன்று செய்து கல்லறையில் வைப்பார்கள். நவம்பர் முதல் சனிக்கிழமை, இறந்தவர்களை நினைக்கும் நாளில், ஊரே இடுகாட்டுக்குப் போய் அந்த விளக்குகளை ஏற்றும். குடித்தே செத்தவனுக்கும் விளக்கு வைத்திருக்கிறார்கள். முதலாளி மேல் கேஸ் போட்டுக் கோர்ட்டுக்குப் போனவனுக்கும் வைத்திருக்கிறார்கள். சிக்ஸ்டனுக்கு மட்டும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை நாளைக்கு.

செவ்வாய்க்கிழமை அவன் மனைவி குன்வோர் தீராவின் ஆபீசுக்கு வந்தாள். அறுபத்துமூணு வயசு. கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"அவர் அதைச் செய்யல. அதை நிரூபிச்சுக் குடுங்க. சனிக்கிழமைக்குள்ள வேணும்."

"அப்ப யார் செஞ்சிருப்பாங்கன்னு நினைக்கறீங்க?"

"அதைப் பத்தி நான் பேச முடியாது."

அழவில்லை, குரல் உயரவில்லை. மின்சார ஆபீசுக்குப் புகார் சொல்ல வந்தவள் மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். துக்கம் சிலரை அப்படி ஆக்கிவிடும் என்று தீரா எடுத்துக்கொண்டாள். தன்னைப் போல இன்னொருத்தி என்றும் தோன்றியது.

"ஜாடியை நல்லாப் பிடிச்சுக்குங்க பாஸ். அது அசல்னு நம்பி வாங்கின பல் டாக்டரோடது," என்றான் மால்டே. "போலின்னு தெரிஞ்ச பிறகும் இரவல் குடுக்கறப்ப அவர் கண்ணு கலங்கினதைப் பாத்தீங்கள்ல? உடைஞ்சா என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிடுவார்."

"ரோட்டைப் பாத்து ஓட்டு, மால்டே."

பழைய தொழிற்சாலை மூடி பத்து வருஷம் ஆகிறது. அதன் பின்பக்கத்தில் ஒரு கொட்டகையை மட்டும் எடுத்து ரூனே ஃபால்க் பட்டறை நடத்திக்கொண்டிருந்தான். ஹெல்மாவில் மிச்சமிருந்த நாலு ஆட்களுக்கும் அங்கேதான் வேலை. சிக்ஸ்டனும் அந்த நாலு பேரில் ஒருவனாக இருந்தான். நீண்ட விடுமுறை என்பதால் மற்றவர்கள் மதியமே கிளம்பிவிட்டார்கள். நெற்றியில் தூசி முகமூடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரூனே மட்டும் நின்றான். கதவு அகல ஆள்.

"வாய்யா மால்டே. இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

"பாதி. மீதியை எக்ஸ்-பொண்டாட்டி வச்சிருக்கா."

ரூனே தீராவைப் பார்த்தான். "விளக்கு கேட்டு வந்திருந்தீங்கன்னா காப்பியைக் குடிச்சுட்டுக் கிளம்புங்க. அவன் பண்ணின வேலையில இப்ப நாங்க நேர்மையாச் செய்யற சாமானையும் வாங்கறவன் திருப்பித் திருப்பிப் பாக்கறான். திருடனுக்கு விளக்கு கிடையாது."

"விளக்கு கேக்கல," என்றாள் தீரா. "வேலை தெரிஞ்ச ஆளைக் கேட்டு வந்தேன்."

கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தாள். சிக்ஸ்டனின் வாக்குமூலத்தின் நகல். "'இரண்டு மில்லிமீட்டர் ரப்பர் தாளை ஜாடியைச் சுற்றி ஒட்டினேன். மீனையும் வலையையும் கத்தியால் வெட்டி எடுத்தேன். பிறகு மணல் ஊதினேன்.' இதுல தப்பு இருக்கா?"

"என்ன தப்பு? அப்படித்தான் எல்லாரும் செய்யறோம்."

"ரப்பர் எதுக்கு?" என்று மால்டே குறுக்கே புகுந்தான். "கண்ணாடியையே தின்னற மணல் ரப்பரை ஏன் விட்டுவைக்குது?"

வேலையைப் பற்றிக் கேட்டால் கோபக்காரனும் நின்று பதில் சொல்வான். ரூனே சொன்னான்: "விறைப்பா நிக்கறதைத்தான் மணல் கடிக்கும். வளைஞ்சு குடுக்கறதைக் கடிக்காது. ரப்பர்ல பட்டா பந்து மாதிரித் துள்ளிப் போயிடும். அதான் கண்ணாடியில எந்த இடம் தப்பிக்கணுமோ அங்க ரப்பரை மூடறோம்."

"அடப்பாவி! இருபது வருஷம் விறைப்பா நின்னேனே. முன்னாடியே சொல்லியிருந்தா குடும்பம் தப்பிச்சிருக்கும்."

"ரூனே," என்றாள் தீரா, "இதுல எழுதியிருக்கற மாதிரியே எனக்கு ஒரு உள்ளங்கை அளவு வலை செஞ்சு காட்டுங்க."

"இப்பவா?"

"முடியாதுன்னா சொல்லிடுங்க."

அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. ரூனே ஒரு கழிவு ஜாடியை எடுத்துத் துடைத்து, ரப்பர் தாளை ஒட்டி, பல் டாக்டரின் ஜாடியை எதிரில் வைத்துக்கொண்டு வெட்ட உட்கார்ந்தான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மால்டே இரண்டு காப்பி குடித்து முடித்தான். பிறகு ரூனே ஜாடியை மணல் ஊதும் பெட்டிக்குள் வைத்து, பெட்டியில் பொருத்திய தடித்த கையுறைகளுக்குள் கையை நுழைத்து, காலால் அமுக்கினான். கம்ப்ரசர் அலறியது. பெட்டிக்குள் வெள்ளையாகப் புழுதி எழும்பி எதுவும் தெரியாமல் போனது.

வெளியே எடுத்து ரப்பரை உரித்ததும் ரூனேவின் முகம் மாறியது.

பாதி இடத்தில் கோடே விழவில்லை. தடித்த ரப்பரில் முடியளவு கீறல் போட்டால், அந்த ஆழத்துக்குள் மணல் இறங்காது. சரி என்று அவன் கீறலை அகலமாக்கிய இடத்தில் கோடு தாம்புக்கயிறு பருமனுக்கு வந்திருந்தது. கண்ணிக்குக் கண்ணி நின்றிருக்க வேண்டிய துணுக்கு ரப்பர்கள் காற்றில் பிய்ந்து பறந்துபோய், அங்கெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

"மீன் தப்பிச்சிடுச்சு," என்றான் மால்டே.

ரூனே கழிவு ஜாடியை ஓரமாகத் தள்ளினான். போலி ஜாடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். மாதக்கணக்காக அந்தப் போலிகளைத் திட்டியவன், ஒன்றையாவது கையில் எடுத்து நிஜமாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்பது தீராவுக்குப் புரிந்தது.

"இது ரப்பர் இல்ல," என்றான் கடைசியில்.

"வேற என்ன?"

"பிலிம். போட்டோ பிலிம் மாதிரி ஒரு தாள். ரொம்ப மெல்லிசு. படத்தைக் கண்ணாடித் தாள்ல வரைஞ்சு இதுக்கு மேல வச்சு, புறஊதா விளக்கைக் காட்டணும். அப்புறம் தண்ணியில அலசினா கோடு இருக்கற இடம் மட்டும் கரைஞ்சு போயிடும். காய வச்சு, கண்ணாடியில ஒட்டி, லேசா ஊதணும். தலைமுடி மாதிரிக் கோடு விழும். ஆனா அதை ஒட்டறதுக்கு விரல் வேணும். உள்ள ஒரு குமிழி நின்னாலும் மணல் அங்க புகுந்துடும். அதைக் கண்ணால பாக்க முடியாது, விரலால தடவித்தான் கண்டுபிடிக்கணும்."

"சிக்ஸ்டனுக்கு விரல் இல்லையா?"

ரூனே ஜாடியை மெதுவாகக் கீழே வைத்தான். சுவரோரம் இருந்த மேஜைக்குப் போய், இழுப்பறையிலிருந்து ஒரு கத்தியைக் கொண்டுவந்து தீராவின் கையில் கொடுத்தான். பிடிக்கு மேல் சைக்கிள் கைப்பிடியின் உறை மாட்டியிருந்தது. ஒரு குழந்தையின் மணிக்கட்டு அளவுக்குப் பருமன்.

"பத்து விரலும் இருந்துச்சு. உயிர்தான் இல்ல. இருபது வருஷம் அதிர்ற சாணைச் சக்கரத்துல பிடிச்சுப் பிடிச்சு, குளிர் வந்தா நுனி எல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துடும். மெல்லிசா எதைக் குடுத்தாலும் கையில இருக்கறதே தெரியாது. அதான் பன்னண்டு வருஷமா தடிச்ச ரப்பரைத் தவிர வேற எதையும் தொட மாட்டான்."

மால்டே கத்தியைப் பார்த்தபடி சொன்னான்: "பஸ்ல ஏறும்போது கோட்டுப் பட்டன் போட்டுவிடச் சொல்லுவான். வாயத் திறந்து சொல்ல மாட்டான். என் முன்னால வந்து சும்மா நிப்பான். நான் போட்டுவிடுவேன்." அதோடு நிறுத்திக்கொண்டான். அதற்கு ஜோக் எதுவும் வரவில்லை.

"இது உங்க எல்லாருக்குமே தெரியும்," என்றாள் தீரா. "அப்புறம் ஏன் யாருமே சொல்லல?"

"ஒத்துக்கிட்டானேம்மா! அவனே எழுதிக் குடுத்தானே!" ரூனே கத்தினான். பிறகு குரல் இறங்கியது. "கோவத்துல நான் கண்ணாடியைப் பாக்கல. முப்பது வருஷமாக் கண்ணாடி பாக்கறவன், காகிதத்தைப் பாத்துட்டு விட்டுட்டேன்."

"அவரும் அதான் பண்ணியிருக்கார். செய்யாத வேலையை எழுதச் சொன்னா என்ன எழுதுவார்? தான் தினமும் செய்யறதைத்தான் எழுதுவார். போலி எப்படிச் செஞ்சாங்கன்னு அவருக்கு முழுசாத் தெரியாது."

"யாரையோ காப்பாத்தியிருக்கான்."

"ஆமா. நம்பர் மூணு உங்ககிட்ட இருக்கறதாச் சொன்னாங்க. அசல்."

அலமாரியின் மேல் தட்டில் அது இருந்தது. ரூனே எடுத்துப் போலியின் பக்கத்தில் வைத்தான். தீரா ஒரு பென்சில் முனையால் பெரிய மீனைச் சுற்றிய வலைக்கோடுகளை எண்ணினாள். அசலில் இருபத்திரண்டு. போலியில் நாற்பத்துநாலு. மறுபடி எண்ணினாள். அதே கணக்கு.

"இதுல எது அழகு? உண்மையைச் சொல்லுங்க."

ரூனே சங்கடப்பட்டான். "போலிதான்."

"ஏன் அசல்ல பாதிக் கோடு இல்ல?"

"அந்தக் காலத்துல இதைவிடத் தடிச்ச தாள். நெருக்கமா வெட்ட வராது. வெட்டினவங்க ஒன்னு விட்டு ஒன்னு விட்டுட்டாங்க போலிருக்கு. இருபத்துநாலு ஜாடியும் அப்படித்தான்."

"அப்படின்னா போலி செஞ்சவங்க எந்த ஜாடியையும் பாத்துச் செய்யல. எந்த ஜாடியிலயும் இல்லாத கோடு இதுல இருக்கு. ஜாடி செய்யறதுக்கு முன்னாடி போட்ட படத்தைப் பாத்துச் செஞ்சிருக்காங்க. படத்துல இருந்த ஒரு கோட்டைக்கூட விடக்கூடாதுன்னு நினைக்கற ஆள்."

போலி செய்பவன் அசலைப் போலச் செய்வான். இந்த ஆளுக்கு அசலே ஒரு தப்பாகத் தெரிந்திருக்கிறது. அதைத் திருத்தி, பதினோரு தடவை செய்து காட்டிவிட்டார்.

"அந்தப் படம் எங்க இருந்துச்சு?"

"வரைபட அறையில. கம்பெனி மூடினப்ப எல்லாம் பெட்டி பெட்டியா மியூசியத்துக்குப் போயிடுச்சு."

"அதுவரைக்கும் அந்த அறையைப் பாத்துக்கிட்டது யாரு?"

ரூனே திரும்பி மால்டேவைப் பார்த்தான்.

"ஏழாம் நம்பர் பஸ், மூணாவது சீட்," என்றான் மால்டே மெதுவாக. "இருபத்தஞ்சு வருஷம் பாத்தேன். மடியில நீளமா ஒரு படச்சுருள் இருக்கும். ஜன்னல் பக்கம் புருஷன். குன்வோர்."

 கம்ப்ரசர் காற்று குறைந்து ஒருமுறை பெருமூச்சு விட்டது.

"நம்மளைக் கூப்பிட்ட ஆளே நாம தேடற ஆளா?" என்றான் மால்டே. "பாஸ், இந்த மாதிரிப் பயணத்துல இறங்கற இடமும் ஏறின இடமும் ஒன்னாயிடுதே."

ரூனே இருமினான். "விளக்குக் கண்ணாடி ரெடியா இருக்கு. போன வாரமே ஊதி வச்சுட்டேன், மனசு கேக்கல. ஆனா பேரைச் செதுக்கணும்னா மத்த மூணு பேரும் ஒத்துக்கணும். நான் ரப்பர், பிலிம்னு சொன்னா, கூட்டாளிக்காகப் பேசறேன்னுவாங்க. சிக்ஸ்டன் இல்லன்னு போலீஸ் ஒரு வார்த்தை சொல்லட்டும். காலையில செதுக்கிடறேன்."

நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. குன்வோரின் வீடு ஏரிக்கரைச் சாலையின் கடைசியில் இருந்தது. முன்பக்கம் பாதி அடுக்கிய விறகு அப்படியே கிடந்தது. அவள் கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிப்போய், சமையலறை மேஜையில் மூன்று கோப்பையும் ஏலக்காய் ரொட்டியும் வைத்தாள். காப்பியை ஊற்றினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மெலிந்த, நீளமான விரல்கள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள்.

"உங்க கணவர் அதைச் செய்யல," என்றாள் தீரா. "நிரூபிக்க முடியும். ரூனே நேர்ல செஞ்சு பாத்தாச்சு."

"நல்லது."

"செஞ்சது யாருன்னும் தெரியும்."

குன்வோர் சர்க்கரைக் கிண்ணத்தைத் தீராவின் பக்கம் நகர்த்தினாள்.

மால்டே எழுந்து அலமாரி அருகே போனான். மிளகு டப்பாவுக்கும் லவங்க டப்பாவுக்கும் நடுவில் ஒரு குட்டி விளக்குப் பெட்டி இருந்தது. "இது பியூட்டி பார்லர்ல நகப்பூச்சு காய வைக்கற புறஊதா விளக்குதானே? என் பொண்ணுகிட்ட இருக்கு," என்றான். "உங்க கையில நகமே இல்லையே, குன்வோர்."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். யாருடைய விரல்களையோ பார்ப்பது போல இருந்தது. 

"ஒன்னுதான் எனக்குப் புரியல," என்றாள் தீரா. "கேஸை மூடியாச்சு. பழி அவர் மேல போனது போனதுன்னு சும்மா இருந்திருந்தா, உங்களை யாரும் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க. எங்களை ஏன் கூப்பிட்டீங்க?"

"கூப்பிடக்கூடாதுன்னு நான் சத்தியம் பண்ணல."

"என்ன சத்தியம்?"

குன்வோர் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள். வாங்கிவந்த சாமான்களின் பட்டியலைப் படிப்பது போன்ற குரல்.

"ஏலத்துல ரெண்டு ஜாடி வந்து மாட்டினப்புறம், நாளாக நாளாக வீடு வீடா விசாரிச்சுக்கிட்டு வந்தாங்க. அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. திட்டல. ஒரு நாள் காலையில இந்த நாற்காலியில உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார். பிடிச்சிருக்கோமான்னு அவருக்கே தெரியாது, கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். குனிஞ்சு பாத்துக்கிட்டே சொன்னார். என்ன நடந்தாலும் நீ வாயைத் திறக்கக்கூடாது, சத்தியம் பண்ணுன்னார். பண்ணினேன். கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனார். பட்டன்கூட நான்தான் போட்டுவிட்டேன்."

"அவர் போய்ச் சேர்ந்தப்புறமும் சத்தியமா?"

"எனக்கு அது மட்டும்தான் மிச்சம். அதையும் விடறதான்னு இருந்துச்சு. ஆனா விளக்கு கிடையாதுன்னாங்களே. அப்பத்தான் யோசிச்சேன். நான் பேசக்கூடாது. வேற யாராவது கண்டுபிடிச்சா அது என் தப்பு இல்லையே. அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க கெட்டிக்காரின்னு சொன்னாங்க."

 பதினாலு வருஷத்தில் எத்தனையோ பேர் தீராவிடமிருந்து ஒளிந்திருக்கிறார்கள். கூலி பேசி, தன்னையே தேடச் சொன்னவள் இவள்தான்.

"எதுக்காகச் செஞ்சீங்க?" என்று மால்டே கேட்டான். அவன் குரலில் கிண்டலே இல்லை.

"அந்தப் படத்தை ஒன்பது தடவை நான் பிரதி எடுத்திருக்கேன். பழசாகிப் பழசாகிக் கிழிஞ்சிடும், மறுபடி வரைவேன். வலையில நாப்பத்துநாலு கோடு. எவ்வளவு அழகு தெரியுமா! ஜாடியில பாதிதான் வந்திருக்கும். ஒரே ஒரு தடவை முழுசாச் செஞ்சு பாக்கணும்னு ஆசை. அவர் வேலைக்குப் போயிருக்கறப்ப, கம்பெனியில மிஞ்சின வெறும் ஜாடியை வீட்டுக் கொட்டகையில இருந்த அவரோட பழைய மணல் பெட்டியில வச்சு ஊதினேன். வந்துச்சு. எடுத்துட்டுப் போய்ச் சேகரிக்கற ஒருத்தர்கிட்டக் காட்டினேன். அசல்னு நினைச்சு வாங்கிக்கிட்டாங்க. இல்லன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அன்னைக்கு ராத்திரி பூரா எனக்குச் சந்தோஷத்துல தூக்கம் வரல. அப்புறம் நிறுத்த முடியல." கோப்பையை வைத்தாள். "பாத்தீங்களா, பேசிட்டேன். உங்ககிட்டப் பேசினது கணக்குல வராதுன்னு நினைக்கறேன். உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

தீரா போனை எடுத்துக் காவல் நிலையத்தை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு மேஜை நடுவில் வைத்தாள். விடுமுறை நாளுக்கு அகப்பட்ட பணியாளர் ஒருவர் பேசினார். இளங்குரல். அவள் ரப்பரில் ஆரம்பித்து வலைக்கோடு வரை ஒழுங்காகச் சொன்னாள்.

"மேடம், நீங்க சொல்றது சுவாரசியமாத்தான் இருக்கு," என்றது குரல். "ஆனா இது மூடின கோப்பு. இறந்தவர் தன் கையால எழுதின வாக்குமூலம் இருக்கு. எதிரா ஒரு ஜாடியும் ஒரு ரப்பர் துண்டும் வச்சுக்கிட்டு நான் இன்னைக்கு எதுவும் சொல்ல முடியாது. அடுத்த வாரம் எழுத்து மூலமாக் குடுங்க."

"நாளைக்குள்ள ஒரு வார்த்தை வேணும்."

"செஞ்சவங்களே அவங்க வாயால சொன்னா, அது வேற. உடனே பதிவு பண்ணிக்கலாம். இல்லன்னா என் கையில ஒன்னும் இல்ல."

போன் மேஜையில் வெளிச்சமாகக் கிடந்தது. தீரா குன்வோரைப் பார்க்கவில்லை. பார்த்தால் கட்டாயப்படுத்தியதாக ஆகிவிடும். செய்த சத்தியத்தைக் காப்பாற்றினால் அவன் பேர் திருடன் என்றே நிற்கும். அவன் பேரைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அவன் கடைசியாகக் கேட்ட ஒன்றை மீற வேண்டும். இதில் எதைச் சொல்லி யார் யாருக்கு யோசனை சொல்வது?  வெகுகாலத்துக்குப் பிறகு இந்த ஒரு கேஸ் தனக்கு வலிக்கிறது என்று தீராவுக்குத் தெரிந்தது.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

குன்வோர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டாள். போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"என் பேரு குன்வோர் ஏக்," என்றாள். "'வலை' ஜாடி பதினொன்னையும் நான் செஞ்சேன். வரைஞ்சது நான், பிலிம் எடுத்தது நான், மணல் ஊதினது நான், அசல்னு சொல்லி வித்ததும் நான். என் கணவர் பொய் எழுதிக் குடுத்தார். அவர் எதையும் செய்யல. இதை எழுதிக்குங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். விசைப்பலகையின் தட்டல். "சொல்லுங்க, எழுதறேன்."

அவர் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். பிறந்த தேதி, முகவரி, வேலை பார்த்த இடம், எந்த ஜாடி எந்த மாதம் செய்தது, விளக்கை எத்தனை நிமிஷம் காட்டினாள் என்பது வரை. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கார் அனுப்புவதாகவும், கோப்பைத் திறக்கிற செய்தியை இன்றைக்கே மேலே சொல்லிவிடுவதாகவும் அவர் சொன்னார். மால்டே சத்தமில்லாமல் எழுந்து, ரூனேவுக்குப் போன் செய்யக் கூடத்துக்குப் போனான்.

"கடைசியா ஒன்னு, சும்மா படிவத்துக்காக," என்றது போன். "நீங்க கிளம்பி வந்துட்டா வீட்டைப் பூட்டணும். வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

குன்வோர் வாயைத் திறந்தாள்.  எதிரில் இருந்த சிக்ஸ்டனின் நாற்காலியைப் பார்த்தாள். ஒரு மாசமாக அவளிடம் இதை யாரும் கேட்டிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் கேட்பார்கள்?

"மேடம்? வேற யாராவது இருக்காங்களா?"

"இல்ல," என்றாள் குன்வோர். "யாரும் இல்ல." மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள்.